சிறு குறை

பொருளொன்றில் குறை காணப்படுமிடத்து, அது பெரிதா சிறிதா என்று அளந்து சொல்லும் உரிமை யாருக்கு உரியது? விற்றவனுக்கா, வாங்கியவனுக்கா, அன்றி அப்பொருளைச் செய்து முடித்த தொழிலாளிக்கா? இக்கேள்வி வெறும் ஏட்டுத் தத்துவம் போலத் தோன்றலாம். ஆயினும் என்னை இதனுள் இழுத்துச் சென்றது ஒரு மோட்டார் வண்டியின் கதவில் பொருத்தியிருந்த ரப்பர்ப் பட்டையே. பால்மரத்து நிழலில் வளர்ந்த குடும்பத்தானுக்கு ரப்பரே ஆசானாக வாய்த்தது பொருத்தந்தான் போலும்!

சில ஆண்டுகளுக்கு முன் நான் புதுக் கார் ஒன்று வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் எவரும் அதற்குமுன் புது வண்டி வாங்கியதில்லை. என் தந்தையார் நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர். தம் வாழ்நாளில் அவர் ஏறியவை தோட்டத்து லாரியும், பட்டணத்துப் பஸ்ஸும், பிறர் ஓட்டித் தேய்ந்த பழைய கார்களுமே. ஆகவே, வண்டி வந்த அன்றே பெற்றோரைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கோயிலுக்கு ஓட்டிச் சென்று, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீடு திரும்பினோம். (குறையுள்ள புது வண்டியை அமெரிக்கர் "எலுமிச்சை" என்று அழைப்பதும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்த சட்டத்தையும் மக்கள் எலுமிச்சைச் சட்டம் என்றே வழங்குவதும் அன்று நான் அறியாதவை. அறிந்திருந்தால் நான்கு பழத்தோடு நிறுத்தியிருப்பேனோ, நாற்பது வைத்திருப்பேனோ, சொல்வதற்கில்லை.)

மூன்றாம் நாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. பின்கதவின் மேல்விளிம்பிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக ஒழுகி என் தாயாரின் தோளை நனைத்தது. அவர் ஒன்றும் சொன்னாரில்லை; முந்தானையை எடுத்துத் தோளின்மீது போட்டுக்கொண்டார். தந்தையார்தாம் வாய் திறந்தார்.

"விட்டுவிடப்பா, சின்னக் குறைதானே. கேட்கப் போனால் அவர்களுக்கு மனம் கோணும்."

யாருக்கு மனம் கோணும்? பணம் கொடுத்தவன் நான். வங்கிக்கு ஒன்பது ஆண்டு மாதந்தோறும் தவணை கட்டக் கையெழுத்திட்டவனும் நானே; கதவு ஒழுகுகின்றது என்பதற்காக அத்தவணையில் ஒரு காசும் குறையப் போவதில்லை. இருந்தும் மனம் கோணுமே என்று அஞ்ச வேண்டியவர் நாம் என்று அப்பெரியவருக்கு எவ்வாறு தோன்றிற்று? லயத்து வீட்டுக் கூரை ஒழுகிய நாட்களை எண்ணிப் பார்த்தேன். அந்நாளில் ஒழுகும் இடத்தில் சட்டி வைத்தோமேயன்றி, மானேஜரிடம் சென்று சொன்னோமில்லை. சொன்னவன் பெயர் வேறொரு கணக்கில் ஏறிவிடும். அடுத்த மாதம் அவனுக்குப் பால் வற்றிய மரங்கள் உள்ள நிரை கிடைக்கும். அவ்வச்சத்திற்கு நம் பெரியோர் பொறுமை என்று பெயரிட்டு, பிள்ளைகளுக்கும் அதனையே அறமென்று ஊட்டினர். அவர்களை நான் குறை கூறேன். அன்று அவர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. ஆனால் பேசும் ஆற்றல் உடையவன், பேசாதிருப்பதால் பிறருக்குத் தீங்கில்லை என்று கண்டு, தானே விட்டுக்கொடுப்பதன்றோ பொறுமை? பேசவே இயலாதவனின் மௌனத்திற்கும் அப்பெயரே சூட்டினால், பின்னர் உண்மைப் பொறுமையை எப்பெயரால் அழைப்பது?

நிற்க. சட்டம் இதுபற்றி யாது கூறுகின்றது என்று பார்த்தேன். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாயிருக்க வேண்டும் என்று விதித்து, அத்தரத்திற்குரிய இலக்கணங்களை வரிசைப்படுத்துகின்றது. பயன்பாட்டுக்கு உகந்ததாயிருத்தல், பாதுகாப்பு, நீடித்துழைத்தல் என்பனவற்றோடு, சிறு குறைகள் இல்லாதிருத்தலும் அவற்றுள் ஒன்றாக வெளிப்படையாகவே வைக்கப்பட்டுள்ளது! தந்தையார் எச்சொல்லைக் கொண்டு என் வாயை அடைத்தாரோ, அச்சொல்லையே சட்டம் என் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, வழக்கறிஞர் துணையின்றியே முறையிடலாம். 25,000 வெள்ளியாக இருந்த அதன் வரம்பு 2019இல் 50,000 ஆக உயர்த்தப்பட்டது.

இவ்வறிவு என்னை நல்லவனாக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தைப் படித்த மறுநாளே விற்பனைக் கூடத்திற்குள் புகுந்து, முன்மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் உரத்த குரலில் சீறினேன். இந்த வண்டி வேண்டாம், வேறு புது வண்டி கொடு என்றேன். அப்பெண் கதவைப் பூட்டியவளும் அல்லள், விலை வைத்தவளும் அல்லள். மாதச் சம்பளத்திற்கு அங்கே அமர்ந்திருந்தவள். அவள் கண்கள் கலங்கியதைக் கண்ட பின்னரே, நாற்பது ஆண்டு அடக்கி வைத்த குரலை யார்மீது கொட்டுகின்றோம் என்பது எனக்கு உறைத்தது. தந்தையார் பணிந்தது அஞ்சத்தக்க மானேஜர் முன். நான் சீறியதோ அஞ்ச வேண்டாத ஒரு சிறுமி முன். இவ்விரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள் அல்லவா?

என் கோரிக்கையும் நியாயமானதன்று. 1976ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் இத்தகைய வழக்கொன்று நடந்தது. புதிய ஃபோர்டு கிரனாடா கார் ஒன்றில் சுக்கான் இயக்கத்திற்கு உதவும் கருவியிலிருந்து எண்ணெய் சிறிது கசிந்தது. சீர்செய்ய 25 பவுன் அளவே ஆகும். வாங்கியவரோ வண்டியையே ஏற்க மறுத்தார். எளிதில் தீரும் அக்குறைக்காக அவ்வாறு மறுத்தல் கூடாதென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டமும் தீர்க்கக்கூடிய குறையாயின், விற்றவர் அதனை ஏற்ற காலத்திற்குள் தீர்த்துத் தர முதலில் இடங்கொடுக்கின்றது.

பட்டறையில் என் வண்டியை ஏற்றவர் ஒரு தமிழ் இளைஞர். ரப்பர்ப் பட்டை ஓரிடத்தில் சரியாகப் படியவில்லை என்று காட்டி, அரை மணியில் மாற்றிப் பூட்டி, குழாய்நீரைப் பீய்ச்சிச் சோதித்தார். பின்னர் அவர் சொன்ன சொல்தான் என்னை வீட்டுக்குத் துரத்திக்கொண்டு வந்தது. "அண்ணே, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எழுதினால்தான் நாங்கள் மேலே அனுப்ப முடியும். யாரும் எழுதுவதில்லை."

சிறு திருகாணி முதலாக எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 உறுப்புகள் உண்டு என்பர். அத்தனையும் ஒருமுறைகூடப் பிசகாமல் பொருந்துமென்று எதிர்பார்ப்பது பேதைமை. அதனாலன்றோ ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில், வேலை வரிசைக்கு மேலே ஒரு கயிறு கட்டிவைத்தார்கள்! குறையைக் கண்ட எத்தொழிலாளியும், எவ்வளவு கீழ்நிலையினராயினும், அதனை இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடிவருவார், தீராவிடில் வரிசையே நிற்கும். கயிறு இழுத்தவன் பெயர் வேறு கணக்கில் ஏறுவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குறையை வாங்கியவன் காண்கின்றான். அவன் எழுதித் தரும் தாளும் அக்கயிற்றின் ஒரு முனையே என்று கருதுகின்றேன்.

தாள் எழுதப்படாவிடின் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் சில கார்களில், சாவி திருகும் விசை சற்றுத் தளர்வாக இருந்தது. முழங்கால் பட்டாலோ, சாவிக்கொத்து கனத்தாலோ சாவி தானே திரும்பி, ஓடும்போதே இயந்திரம் அணைந்துவிடும்; மோதும் வேளையில் உயிர்காக்கும் காற்றுப்பையும் விரியாது. ஓட்டுவோர் முறையிட்டனர். கம்பெனிப் பொறியாளர்களோ நெடுங்காலம் அதனை வசதிக் குறைவு என்ற பிரிவிலேயே வைத்திருந்தனர். உயிராபத்து என்ற பிரிவில் வைக்கவில்லை. 2014இல்தான் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு அக்குறையே காரணமென்று நட்டஈட்டு நிதியினர் ஏற்றுக்கொண்டனர். சின்னக் குறைதானே என்று அங்கும் எவரோ சொல்லித்தான் இருப்பர். ஆனால் அதைச் சொன்னவர் அவ்வண்டியில் ஏறவேண்டியவர் அல்லர்.

இத்தனையும் எண்ணி முடித்தவன் என்ற பெருமிதத்தோடு ஆண்டுகள் சில கழிந்தன. அதே காரை விற்கும் காலம் வந்தது. அப்போது அதில் வேறொரு குறை இருந்தது. காலையில் முதன்முறை எடுக்கையில், கியர் மாறும்போது ஒரு குலுக்கல். இயந்திரம் சூடேறியபின் அது மறைந்துவிடும். பார்க்க வந்தவர் தோட்டத்துக் குடும்பத்து இளைஞர். அவருடைய தகப்பனாரும் மரம் வெட்டியவரே. அவரை நண்பகலில் வரச் சொன்னவன் நான். காலையில் கடைத்தெருவுக்குப் போய் வந்து இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தவனும் நானே. திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்; திட்டமிடவில்லை என்றும் சொல்லத் துணியேன்.

வணிகரல்லாத தனிமனிதன் தன் பழைய வண்டியை விற்கும்போது, தரத்திற்குப் பொறுப்பேற்கும்படி நம் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் அவனை வற்புறுத்துவதில்லை. வாங்குபவனே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வெள்ளி மன்றமும் என்னைக் கேளாது. அவ்விளைஞர் இருமுறை ஓட்டிப் பார்த்து, "குறை ஏதும் உண்டா அண்ணே?" என்று வினவினார். சின்னக் குறைதான் என்று என் நாவிலும் வந்தது, தந்தையாரின் அதே சொல். ஆனால் அவரிடத்தில் அது தம் நட்டத்தை விழுங்கிய சொல், என்னிடத்திலோ பிறர் நட்டத்தை மறைக்க வந்த சொல்.

"நாளைக் காலை ஆறு மணிக்கு வாருங்கள் தம்பி, வண்டி குளிர்ந்திருக்கும்போது ஓட்டிப் பாருங்கள்" என்றேன். அவர் வந்தார், ஓட்டினார், வேண்டாமென்று போய்விட்டார். இரண்டு வாரங் கழித்து வேறொருவர் ஆயிரத்து இருநூறு வெள்ளி குறைத்து வாங்கிக்கொண்டார். அவரையும் காலையில்தான் வரச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாயிருந்தது என்று கூறினால் அது பொய்.