செபுவின் குழந்தை இயேசு: தந்தவரும் ஏற்றவரும்

ஒரு சமயத்தின் திருவுருவம் வேறொரு மக்களின் கைக்குச் சென்று, அச்சமயத்தைக் கற்பிப்போர் எவரும் இல்லாமலே ஒரு தலைமுறைக்கு மேல் அங்கே தங்கிவிடுமாயின், அதன்முன் நிகழும் வழிபாடு யாரைச் சென்றடைகிறது என்பது எளிதில் விடை காண முடியாத வினாவாகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் நடுவே, விசாயாஸ் எனப்படும் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த செபுவின் கிழக்குக் கடற்கரையில் இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. அங்கே சாந்தோ நீன்யோ என்று வழங்கும், ஏறத்தாழ ஓர் அடி உயரமே உள்ள குழந்தை இயேசுவின் மரவுருவத்தோடு சேர்ந்து பிறந்தது.

ஸ்பெயின் அரசருக்காகக் கப்பலோட்டிய போர்த்துகீசியரான மெகல்லன் 1521 ஏப்ரல் 7 அன்று செபுவை அடைந்தபோது, அது சியாம் வரையிலான அயல்நாட்டு வணிகர் வந்துசென்ற துறைமுகமாக இருந்தது. அதன் தலைவன் ஹுமாபோன், வடமொழியிலிருந்து மலாய் உலகின் வழியே அங்கு சேர்ந்த ராஜா என்னும் பட்டத்தைத் தாங்கியிருந்தான். அம்மாதம் 14ஆம் நாள் ஹுமாபோனும் அவன் மனைவியும் குடிகள் பலரும் திருமுழுக்குப் பெற்றனர். அன்று மட்டும் 800 பேர் திருமுழுக்குப் பெற்றதாகப் பயணத்தைப் பதிவுசெய்த அந்தோனியோ பிகாஃபெட்டா குறிப்பிடுகிறார். ஹுவானா என்ற புதுப்பெயர் பெற்ற அரசி, தன் பழைய தெய்வ உருவங்களின் இடத்தில் வைத்துக்கொள்வதற்காகக் குழந்தை உருவத்தைக் கேட்டுப் பெற்றாள் என்று அவர் தரும் செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. வழிபாட்டுக்குரிய இடமும் அதை நாடிச் செல்லும் வழக்கமும் அப்படியே இருக்க, அந்த இடத்தில் அமர்ந்தவர் மட்டுமே மாறினார் என்பதை அந்த அயலவரின் சாட்சியம், தான் அறியாமலேயே பதிந்துவைத்தது. ஏப்ரல் 27 அன்று எதிரேயுள்ள மக்தான் தீவில் லாபுலாபுவின் வீரர்களால் மெகல்லன் கொல்லப்பட்டார். சில நாட்களில் ஹுமாபோனின் விருந்திலேயே ஸ்பானியர் பலர் மடிய, எஞ்சிய கப்பல்கள் விலகிச் சென்றன.

44 ஆண்டுகள் கழித்து, 1565இல், ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை செபுவைத் தாக்கியபோது குடியிருப்பு தீக்கிரையானது. எரியாது எஞ்சிய வீடொன்றில், ஹுவான் காமுஸ் என்பவர் பெட்டிக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த குழந்தை உருவத்தைக் கண்டெடுத்தார். அரசி பெற்ற உருவம் அதுவே என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் அகுஸ்தீனியத் துறவிகள் இதை இறைத்திருவுளத்தின் அடையாளமாகக் கண்டு, கண்டெடுத்த இடத்திலேயே ஆலயம் எழுப்பினர். குருவோ மறைநூலோ இல்லாத அந்த 44 ஆண்டுகளில் செபு மக்கள் அவ்வுருவத்தைத் தம் திவாத்தாவாக, அதாவது இயற்கையில் உறையும் தெய்வ ஆற்றலாக, வழிபட்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மழை பொய்த்த காலங்களில் உருவத்தைக் கடலுக்கு எடுத்துச் சென்று நீரில் அமிழ்த்தி வேண்டினர் என்று பழைய சமயக் குறிப்புகளும் கூறுகின்றன.

இதைக் கிறிஸ்தவத்தின் பிழையான வடிவம் என்று ஒதுக்குவதும், கிறிஸ்தவமே அன்று என்று முடிவுகட்டுவதும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன. உருவத்தின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை அதைச் செய்தவருக்கும் தந்தவருக்குமே உண்டு என்று இரண்டுமே கருதுகின்றன. வழிபடுவோரின் பசியும் அச்சமும் நன்றியுமே ஓர் உருவத்தோடு உறவை உண்டாக்குகின்றன என்றால், வானம் பார்த்து வாழ்ந்த மக்கள் அக்குழந்தையிடம் மழை கேட்டது அவ்வுறவின் மிக நேர்மையான வெளிப்பாடேயாகும். உணவை அன்றன்றைக்குக் கேட்கும் வேண்டுதல் கிறிஸ்தவ மன்றாட்டிலும் நடுவிடம் பெற்றிருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

செபு மக்களிடையே வழங்கும் அகிப்போ கதை இதனினும் ஆழமாகச் செல்கிறது. அகிப்போ என்பது எரிந்து கரிந்த மரத்துண்டு. மீனவன் ஒருவன் வலையில் மீனுக்குப் பதிலாக அத்தகைய துண்டு சிக்கியதென்றும், தூக்கி எறிய எறிய அது திரும்பத் திரும்ப வலையிலேயே வந்து விழுந்ததென்றும், வீட்டுக்குக் கொண்டுபோனபின் காயவைத்த தானியத்தைப் பறவைகளிடமிருந்து காத்ததென்றும், நாளடைவில் குழந்தையின் வடிவம் கொண்டதென்றும் அக்கதை சொல்லும். இதை அறியாமையின் கற்பனை என்று கொள்வது பொருந்தாது. மெகல்லனின் கொடையை அறிந்த மக்களே இதையும் சொல்லி வருகின்றனர். அயலார் கொடுத்ததால் கிடைத்த தெய்வம் என்பதை விட்டு, தங்கள் கடலிலிருந்து தானே தேடி வந்த தெய்வம் என்று அவர்கள் உரைக்கும்போது, ஆதிக்கத்தோடு வந்த ஒன்றை ஆதிக்கத்திலிருந்து பிரித்தெடுக்கும் இறையியலைக் கதைவடிவில் செய்துவிடுகின்றனர்.

இன்றைய கல்லாலயம் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. 1965இல் அது பசிலிக்கா என்னும் சிறப்புநிலை பெற்றது. 2013 அக்டோபர் நிலநடுக்கத்தில் சரிந்த மணிக்கோபுரம் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அருகிலேயே மெகல்லனின் சிலுவை மண்டபமும், கடலை நோக்கிச் சான் பெத்ரோ கோட்டையும் உள்ளன. சனவரி மூன்றாம் ஞாயிறன்று நிகழும் பெருவிழாவுக்கு முந்தைய நாள், குழந்தையின் உருவம் படகேறிக் கடல்வழிப் பவனி வருகிறது. இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக ஆடப்படும் சினுலோக் நடனம், 1980 முதல் நகரத் தெருக்களில் பெரும் அணிவகுப்பாக வளர்ந்து, உலகெங்குமிருந்து பயணிகளை ஈர்க்கிறது. எனினும் இவ்வழிபாட்டின் உயிரோட்டத்தைக் காண விரும்புவோர் பசிலிக்காவின் வாயிலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்களிடம் செல்வதே நலம். வாங்குவோரின் பெயரையும் வேண்டுதலையும் சொல்லி, மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்தி, அவர்களுக்காகத் தாமே ஆடி மன்றாடும் அப்பெண்களிடம், மக்களுக்கும் தெய்வங்களுக்கும் இடையே நின்று சடங்கு நிகழ்த்திய பாபாய்லான் எனப்படும் பழைய விசாயப் பூசாரிப் பெண்களின் சாயலைக் காண முடிகிறது. தாம் செய்வது கத்தோலிக்க மன்றாட்டே என்ற அவர்களின் உறுதியையும் அதே அளவு மதித்தாக வேண்டும்.