பிரதி எடுப்பவனின் தர்மம்

பாத்திரத்தில் விரிசல் கண்டதும் அதிலுள்ள பாலை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றுவது அறிவுடையோர் செயல். அறிவைத் தாங்கும் பாத்திரங்களும் அழியக்கூடியவையே. பனையோலையைப் பூச்சி அரிக்கிறது. காகிதம் பழுத்து நொறுங்குகிறது. மனிதனின் நினைவு முதுமையில் மங்குகிறது. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி போன்ற மழைவளம் மிக்க பகுதிகளில் ஈரமும் பூஞ்சையும் ஏடுகளின் அழிவை விரைவுபடுத்துகின்றன. குடும்பங்களின் கடிதங்களையும் புகைப்படங்களையும் அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பையும் இன்று சுமந்து நிற்கும் கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் இவ்விதிக்கு விலக்கன்று.

நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் அத்தட்டு பழுதடையத் தொடங்கினால், அதன் சில பகுதிகளைப் படிக்க முடியாமல் போகிறது. அந்நிலையில் பழைய தட்டில் எதையும் எழுதாமல், உள்ளதை உள்ளபடி புதிய தட்டுக்கு மாற்றுவதே முதற்கடமை. இதற்கென அமைந்த 'டிடிரெஸ்கியூ' என்னும் மென்பொருள், எளிதில் படிக்கக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறது. பழுதான இடங்களைத் தாண்டிச் சென்று, பின்னர் அவற்றுக்குத் திரும்பி வந்து மீண்டும் முயல்கிறது. இறுதிவரை கிடைக்காத பகுதிகள் எவை என்பதைத் தனியே பதிந்து வைக்கிறது. தானாக எதையும் புனைந்து நிரப்புவதில்லை.

இயந்திரத்துக்கு இது எளிது. அதற்கு அகங்காரம் இல்லை. மனிதன் பிரதி எடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: படிக்க முடியாத இடத்தில் எதை எழுதுவது?

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் இக்கேள்வியை வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர். அவர் 1894-ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களில் 267, 268 என்னும் எண்களுக்குரிய இரண்டும் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்குச் செய்யுள் இயற்றுவது அரிய காரியமன்று. ஆயினும் இல்லாத பாடல்கள் இல்லாதவையாகவே நின்றன. இன்றும் புறநானூற்றைத் திறப்பவர் அவ்விரண்டு எண்களுக்கும் பாடல் இல்லாததைக் காண்கிறார். அந்த வெற்றிடங்கள் நூலுக்குக் குறையல்ல. மற்றப் பாடல்களின் நம்பகத்தன்மைக்கு அவையே சாட்சி. தெரியாததைத் தெரியாது என்று விட்டவர், தெரிந்ததாகத் தந்ததை ஐயமின்றி ஏற்கலாம்.

ஓலையும் தட்டும் இன்றி மனிதனிலிருந்து மனிதனுக்கே பிரதி எடுக்கும் மரபும் பாரதத்தில் உண்டு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று போற்றப்படும் பாலக்காட்டுக் கல்பாத்தியின் தமிழ் அக்கிரகாரம் அம்மரபை அறிந்த இடம். அங்கே ஐப்பசித் தேர்த்திருவிழாவில் வேதபாராயணம் ஒலிக்கிறது. வேதத்தை வழுவின்றிக் காக்க முன்னோர் பதம், கிரமம், ஜடை, கனம் என்ற ஓதுமுறைகளை வகுத்தனர். கனபாடத்தில் மூன்று சொற்கள் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று என முன்னும் பின்னுமாக வருகின்றன. ஒரு சொல் தவறினாலும் ஓட்டம் தடைப்பட்டுப் பிழை வெளிப்பட்டுவிடும். ஓதுபவர் எத்தனை மேதையாயினும் ஒரு ஸ்வரத்தையும் மாற்ற உரிமை இல்லை.

இத்தனை காவலிருந்தும் இழப்பு நேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்த வேத சாகைகளில் 13 மட்டுமே எஞ்சியுள்ளன என்கிறது யுனெஸ்கோ. முறை இருந்தால் மட்டும் போதாது. குருவின் குரல் அடங்குமுன் கேட்க ஒரு சீடன் வந்து அமர வேண்டும்.

அப்படியானால் பிரதி எடுப்பவன் வெறும் கருவிதானா? அவனுடைய சிந்தனைக்கு இடமே இல்லையா? இடம் உண்டு. மூலம் வேறு, பாஷ்யம் வேறு என்று நம் மரபு பிரித்து வைத்தது இதற்காகவே. பாஷ்யகாரர் தம் பெயரில், தம் பொறுப்பில், மூலத்துக்கு வெளியே எழுதுகிறார். ஊகம் அங்கே விவேகம் எனப் பெயர் பெறுகிறது. அதுவே மூலத்துக்குள் ஒளிந்து புகுந்தால் பொய்யாகிறது.

இந்தத் தர்மம் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. பாட்டி சொன்னதைப் பேரனுக்குச் சொல்லும் தாயும், ஆசிரியர் சொன்னதை மாணவருக்குச் சொல்பவரும் பிரதி எடுப்பவர்களே. மறந்துபோன இடத்தில் "இது எனக்கு நினைவில்லை" என்று கூறும் தாய், குழந்தைக்குக் கதையோடு சத்தியத்தையும் கற்பிக்கிறாள். ஆனால் எதையும் கேட்டு வைக்காதவருக்கு அவ்வாறு கூறும் வாய்ப்பும் இல்லை. முதியவரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்பவனுக்குத்தான், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது தெரியும்.