தண்ணீர் வருவதற்கு முன்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே பிள்ளை வைத்திருப்பவர்கள் மனத்தில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது: லீவு விட்டால் செல்போனை விட்டு எழமாட்டான், எங்கே சேர்ப்பது? குடவாசலில் இருப்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைதோறும் மாவட்டத் தலைநகரங்களில் மூன்று வார முகாம் நடத்துகிறது. திருவாரூருக்குப் பஸ் ஏறினால் தடகளம், கபடி, வாலிபால் என்று பழகலாம். கும்பகோணம் பக்கம் போனால் பணம் கட்டிச் சேரும் கிரிக்கெட் பயிற்சியும் கராத்தேயும் உண்டு. எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காவிரிப் பாசனத்தில் வளரும் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்றால், மற்ற எல்லாவற்றையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கோடையை நீச்சலுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆசைக்கு ஒரு விளையாட்டு என்ற கணக்கில் இதைச் சொல்லவில்லை. இந்த ஊரின் தரை அமைப்பும் காலண்டரும் சேர்ந்து கேட்கிற விஷயம் இது.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பகுதியைப் பார்க்கிறவர்கள் இதை ஆற்று நாடு என்று நம்பமாட்டார்கள். ஜனவரி 28இல் மேட்டூர் அணை மூடப்படுவது வழக்கம். சம்பா அறுப்பு முடிந்து, அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின் வயல் வெடித்துக் கிடக்கும். சோழசூடாமணி ஆறும் குடமுருட்டி ஆறும் வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலில்தான் பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டு ஆடுகிறார்கள். ஆற்றுக்குள் இறங்கி ஏறுவது அவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் ஏறி இறங்குவது மாதிரி. பிறகு மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வருகிறது. அது திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கிறது. அடுத்த சில நாட்களில் கிளை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஏறிவிடுகிறது. நேற்று வரை பந்து பொறுக்கிய பள்ளம் இன்று ஆளாழம். மணல் அள்ளிய குழியும், தூர் வாரிய இடமும், மதகின் அடியில் தண்ணீர் உள்ளிழுக்கும் சுழலும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பிள்ளைக்கு அந்த இடம் பழகிய இடம். அந்தப் பழக்கம்தான் அவனை ஏமாற்றுகிறது. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஊரில் பிள்ளை தண்ணீரைப் பார்த்தே வளர்கிறது. நம் ஆறோ நான்கு மாதம் ஒரு முகம், மீதிக் காலம் வேறு முகம்.

முன்பு யாரும் முகாம் வைத்துச் சொல்லித்தரவில்லையே, எல்லாரும் தானாகத்தானே கற்றுக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். தானாக இல்லை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டவர்கள் இருந்தார்கள், வாழைத் தண்டைப் பிடித்து நீந்தச் சொன்னவர்கள் இருந்தார்கள், வயிற்றுக்கடியில் கை கொடுத்து நிற்க மாமாவும் அண்ணனும் இருந்தார்கள். குளியல் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஆறு மட்டும் அங்கேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021இல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிடுகிறது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கான காரணங்களில் இது மூன்றாவது. முகாமில் சேர்க்கும் வயதும் இதுதான்.

பெற்றோர் தரப்பில் முதலில் எழும் மறுப்பு எதிர்காலம் பற்றியது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடம் இருக்கிறது. கபடியோ வாலிபாலோ என்றால் ஒரு சான்றிதழாவது கையில் வரும், நீச்சலால் என்ன வரும்? ஆசை நியாயமானதுதான். ஆனால் மூன்று வாரத்தில் எந்த விளையாட்டும் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. கபடியில் ஒரு பிடி பிடிபடும்போதும், வாலிபாலில் சர்வீஸ் வலையைத் தாண்ட ஆரம்பிக்கும்போதும் முகாம் முடிந்திருக்கும். மைதானத்துக்குத் தொடர்ந்து போனால்தான் அது வளரும். அதே நாட்களில் நீச்சல் ஒரு கரையைத் தொட்டுவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் இறங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மிதக்கவும் மூச்சை அளந்து விடவும் கொஞ்ச தூரம் கடக்கவும் கற்றுவிடுவார்கள். சைக்கிள் மாதிரி, உடம்பு அதைச் சுலபத்தில் மறப்பதில்லை. குறுகிய முகாமுக்கு இவ்வளவு பொருத்தமான விளையாட்டு வேறு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: நீச்சல் தெரிந்த பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும், தெரியாத பிள்ளையாவது கரையில் நிற்கும். இந்த அச்சத்தை வங்கதேசம் கிராமம் கிராமமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. நம்மைப் போலவே ஆறும் குளமும் வயலும் பின்னிக் கிடக்கும் நாடு அது. 2006இல் தொடங்கி அங்கே 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி நீந்தச் சொல்லித்தந்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், தத்தளிப்பவரைத் தண்ணீரில் குதிக்காமல் காப்பாற்றத் தெரிய வேண்டும். அப்படிக் கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது, கற்காதவர்களோடு ஒப்பிட்டால், 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நீச்சல் பயத்தைப் போக்கி ஆபத்தில் தள்ளும் என்றால் எண்ணிக்கை எதிர்த்திசையில் போயிருக்கும். ஆனாலும் அந்த மறுப்பில் ஓர் உண்மை உண்டு. நீச்சல் குளத்தில் பழகியவனுக்கு ஆற்றின் இழுப்பு தெரியாது. அதைச் சொல்லித்தராத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

எங்கே போவது என்பதுதான் உண்மையான சிக்கல். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. குடவாசலிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல். கூலி வேலைக்குப் போகிற தாய் தினமும் பிள்ளையை அங்கே அழைத்துப்போக முடியாது. ஊர்க் குளம் கிட்ட இருந்தாலும் கோடையில் தேங்கிய தண்ணீரை நம்புவதற்கில்லை. 2024இல் கேரளத்தில் குளத்தில் குளித்த சிறுவன் ஒருவன் அமீபா மூளைக் காய்ச்சலால் இறந்ததை மறக்கக் கூடாது. ஆகவே சின்னதாகத் தொடங்கலாம். மூச்சடக்கவும் மல்லாந்து மிதக்கவும் பம்புசெட் தொட்டியில் விழும் புதுத் தண்ணீர் போதும், பக்கத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் நின்றால். அதற்கு மேல் ஊராட்சிகள்தான் செய்ய வேண்டும். ஒரு குளத்தைத் தூர் வாரி, போர் தண்ணீர் விட்டு நிரப்பி, இடுப்பளவு ஆழத்தில் தட்டி கட்டி, பயிற்சி பெற்ற இருவரை மே மாதம் முழுக்க நிறுத்துவது முடியாத காரியமல்ல.

முகாமில் சேர்க்கும் முன் கேட்டுவிடுங்கள்: ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை பிள்ளைகள்? கரையில் கண் எடுக்காமல் பார்க்கத் தனி ஆள் உண்டா? உடுத்திய துணியோடு மிதக்கச் சொல்லித்தருவார்களா? ஒருவர் மூழ்கினால் குதிக்காமல் கயிறோ மூங்கிலோ வேட்டியோ வீசும் பழக்கத்தை ஏற்படுத்துவார்களா? காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கும் செய்தி ஆண்டுதோறும் வருவதால் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. பெண் பிள்ளை என்று விட்டுவிடவும் வேண்டாம். துணி துவைக்கவும், ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் இறங்கவும் அவளும்தான் போகிறாள். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று நான்கு வீடுகள் சேர்ந்து கேட்டால் முகாம் நடத்துகிறவர்கள் தட்ட முடியாது.

ஜூன் வரை அவகாசம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2022இல் மேட்டூர் மே 24ஆம் தேதியே திறந்தது, கல்லணை 27ஆம் தேதி. பள்ளிக்கூடங்களுக்கு அப்போது கோடை விடுமுறை.