காற்று வரும்வரை கரையில் ஓடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பிறவியைப் பெருங்கடல் என்றும், எம்பெருமானை அதனைக் கடத்தும் ஓடம் என்றும் நம் பெரியோர்கள் அருளிச்செய்தார்கள். குலசேகராழ்வார், நடுக்கடலில் மரக்கலத்தின் கூம்பை விட்டுப் பறந்து, எத்திசையிலும் கரை காணாமல் மீண்டும் அக்கூம்பிலேயே வந்தமரும் பறவையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். இவையெல்லாம் ஓடும் ஓடத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் ஓடம் எந்நாளும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. காற்றுக்கும் காலத்துக்கும் காத்துக் கரையில் நிற்கும் நாள்களும் அதற்கு உண்டு. அந்நாள்களைப் பற்றிச் சில வார்த்தைகளை இம்மலரில் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

"நாமோ பழனி மலைத்தொடரின் அடிவாரத்தார், நமக்கும் ஓடத்துக்கும் என்ன உறவு?" என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில், மதுரைக் கலெக்டராகப் பணியாற்றிய வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863-ஆம் ஆண்டில் ஓடையை மறித்து அணையிட்டு ஏரியொன்றை உண்டாக்கினார். விண்மீன் போல் கைகள் விரிந்து, சுமார் 60 ஏக்கர் பரப்பில் கிடக்கும் அவ்வேரியில் விடுவதற்கு முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மோட்டார் சாலை அமைவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கடற்கரையில் பிறந்த படகு மலையேறிவிட்டது! 1890-இல் அங்குப் படகுக் கழகமும் தோன்றியது. இன்றும் மழையும் காற்றும் வலுக்கும் நாள்களில் அந்தப் படகுகள் துறையில் கட்டுண்டு நிற்கின்றன. மலைமேல் ஏறினாலும் ஓடம் காலத்துக்குக் கட்டுப்பட்டதே.

இனிக் கடற்கரைக்கு இறங்கி வருவோம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற தடை 2001-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 45 நாள்களாக இருந்த அத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள்களாக நீட்டப்பட்டது. அந்நாள்களில் இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் காணும் காட்சி சிந்திக்கத்தக்கது. படகுகளைக் கரையேற்றுகிறார்கள். அடிப்புறத்தில் ஒட்டிக் கடினமாகிவிட்ட சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுக்கிறார்கள். உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை பொருத்துகிறார்கள். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியைச் செருகி அடைக்கிறார்கள். இதனைக் கலப்பத்து அடித்தல் என்பது பழைய வழக்கு. வலையின் கிழிசலை முடிகிறார்கள், இயந்திரத்தைப் பிரித்துச் செப்பம் செய்கிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள். கடல் திறக்கும் நாளில் ஓடம் ஆயத்தமாக நிற்கிறது.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவன மூன்று.

முதலாவது: ஓடத்தின் அடிப்புறம் நீரில் மிதக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கரையேறினால்தான் ஒட்டியிருப்பதும் உளுத்திருப்பதும் புலப்படும். நம் வாழ்வும் அத்தகையதே. தொழில் நடக்கிறது, உடல் நலமாயிருக்கிறது, கையில் காசு புரள்கிறது என்னும் காலத்தில் அகங்காரமும் மமகாரமும் அடியில் ஒட்டி வளர்வதை நாம் காண்பதில்லை. மகளுக்கு வரன் அமையவில்லை, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை என்று வாழ்வு நின்றுபோன காலத்தில்தான் நம் அடிப்புறம் நமக்குத் தெரிகிறது. அதனைக் கண்டு அஞ்சவேண்டா. காணாமல் கடலில் இறங்குவதே அஞ்சத்தக்கது.

இரண்டாவது: காத்திருக்கும் காலம் வீண்காலம் அன்று. ஸ்ரீராமாயணத்தில் வாலி வதம் முடிந்து சுக்ரீவனுக்குப் பட்டம் சூட்டியபின் மழைக்காலம் வந்தது. படை நடத்த இயலாத காலம் அது. சக்கரவர்த்தித் திருமகன் பிரஸ்ரவண மலையின் குகையில் நான்கு மாதம் தங்கினான். பிராட்டியைப் பிரிந்த ஆற்றாமை ஒருபுறம். இடியும் மின்னலும் ஒருபுறம். ஆயினும் காலத்தை மதித்துப் பொறுத்திருந்தான். அதே நான்கு மாதம் கிஷ்கிந்தையிலும் கழிந்தது. சுக்ரீவனோ தான் கொடுத்த வாக்கை மறந்து போகத்தில் மூழ்கினான். திருவடியாம் அனுமன் நினைவூட்டிய பிறகே படை திரட்ட ஆணை பிறந்தது. இளைய பெருமாள் நாணொலி எழுப்பி வாயிலில் வந்து நின்ற பிறகே அச்சம் பிறந்தது. மழை இருவருக்கும் ஒன்றுதான். இருவரும் அதனைக் கழித்த விதம் வேறு. நமக்கும் ஒரு மழைக்காலம் வரும்போது, நாம் இருப்பது பிரஸ்ரவணத்திலா கிஷ்கிந்தையிலா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது சற்று நுட்பமானது. "எல்லாம் அவன் செயல் என்று சரணம் புகுந்தபின் நாம் செப்பனிட என்ன இருக்கிறது? நாமே முயன்றால் அவனிடம் வைத்த விசுவாசத்துக்குக் குறைவன்றோ?" என்று நல்லன்பர்களும் கேட்பதுண்டு. படகைச் செப்பனிடும் மீனவரைக் கேளுங்கள். தாம் ஆணி அடிப்பதால் கடல் அடங்கும் என்றோ, வண்ணம் தீட்டுவதால் காற்றுத் திரும்பும் என்றோ அவர் எண்ணுவதில்லை. செப்பனிடுதல் காற்றுக்குக் கொடுக்கும் விலை அன்று. காற்று வரும் என்ற நம்பிக்கை உள்ளவனே செப்பனிடுவான். நம்பிக்கை இழந்தவன் படகை விறகாக்கிவிடுவான். அதுபோலவே திருநாமம் சொல்லுதலும், திருவிளக்கு ஏற்றுதலும், அடியார்க்கு ஒருபிடி அன்னம் இடுதலும், பகை கொண்ட உடன்பிறந்தானிடம் வலியச் சென்று பேசுதலும் அவன் அருளை வாங்கும் உபாயம் அல்ல. உபாயம் அவனே. இவை அவனை எதிர்பார்த்திருக்கும் நெஞ்சு செய்யும் கைங்கர்யம்.

"எனக்கோ அதற்கும் வலுவில்லை. எழுந்து அமரவும் முடியாத முதுமை; நாவும் குழறுகிறது" என்பார் உண்டு. இம்மலரைத் தம் வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டப்போகும் அன்பர்களை நினைத்தே இதனைச் சொல்கிறேன். இதுவரை நம்மை மீனவராக எண்ணிப் பேசினோம். இனி நம்மை ஓடமாகவே எண்ணிப் பார்ப்போம். ஓடம் தானே கரையேறுவதில்லை. தன் உளுத்த பலகையைத் தானே கழற்றிக்கொள்வதும் இல்லை. உடையவன் ஏற்றுகிறான், உடையவன் சுரண்டுகிறான், உடையவன் அடைக்கிறான். பழுதான ஓடத்துக்காக வருந்துகிறவன் உடையவனேயன்றி ஓடம் அன்று. நாம் அவனுடைய உடைமை. உடைமையைக் காப்பது உடையவன் கடமை. ஓடம் செய்யவேண்டுவது ஒன்றே: அவன் கையை விலக்காதிருத்தல். விலக்காமை என்று நம் ஆசாரியர்கள் இதனையே எடுத்துக்காட்டினார்கள்.

திருக்கோயிலிலும் இம்முறை உண்டு. திருப்பணி நடக்கும்போது எம்பெருமான் பாலாலயத்தில் எழுந்தருளிக் காத்திருக்கிறான். சம்ப்ரோக்ஷணம் ஆனபின்பு தன் இடம் திரும்புகிறான். திருவரங்கத்தில் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்புச் சாற்றியபின், பெரிய பெருமாளின் திருவடிகளை 48 நாள்கள் சேவிக்க இயலாது. திருமுகமண்டலம் மாத்திரமே சேவையாகும். திருவடி மறைந்த அந்நாள்களில் பெருமாள் இல்லாமல் போய்விட்டானா? இல்லை. காப்பு நடக்கிறது என்பதே அதன் பொருள். நம் வாழ்விலும் அவன் திருவடி தெரியாத நாள்கள் வரும். அப்போதும் காப்பு நடக்கிறது என்று தேறியிருத்தல் வேண்டும்.

ஆதலின் அன்பர்களே! இவ்வுற்சவத்தைச் சேவித்து இல்லம் திரும்பும்போது, நின்றுபோன காரியங்களை எண்ணி ஏங்காது, இன்று கைக்கு எட்டிய ஒரு பலகையைச் சரிசெய்யத் தொடங்குவோம். அதற்கும் ஆற்றல் அற்றோர் உடையவன் கையில் அமைதியாகக் கிடப்போம். காற்று அவனுடையது, கடல் அவனுடையது, ஓடமும் அவனுடையதே. உரிய காலத்தில் அவனே நம்மை நீரில் இறக்கி அக்கரை சேர்ப்பான்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.