பொய் சொல்லாத வஞ்சனை

பொய் சொல்லுவது குற்றம் என்பதில் எந்த நாட்டு அறநூலுக்கும் பேதமில்லை. ஆனால் சொல்லிய சொல் ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, அச்சொற்களை அடுக்கிய அடுக்கினாலோ இடையிலே விட்ட மௌனத்தினாலோ கேட்பவன் மனத்தில் பொய்யான எண்ணம் ஒன்றை விளைவித்துவிட்டுப் போகிறவனைப் பொய்யன் என்று சொல்லலாமா என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்குவர். அந்தத் தயக்கத்தையே மறைவிடமாகக் கொண்டு வாழ்கிறவர்கள் அநேகர். இவ்விஷயத்தில் பழைய அரபு மொழியின் சொல்வளம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. ஏனெனில் பொய்க்குக் 'கதிப்' என்னும் பொதுப்பெயரை வைத்ததோடு அம்மொழி நின்றுவிடாமல், பொய் வாக்கியம் ஒன்றையும் உச்சரிக்காமலே செய்யப்படும் வஞ்சனைகளையும் இனம் பிரித்துத் தனித்தனியே பெயரிட்டு, தப்பிக்க முயலும் மனச்சாட்சியைத் தெருவிலேயே நிறுத்திவைத்திருக்கிறது.

அவற்றுள் மிகக் கடுமையான பெயர் 'நிஃபாக்'. உள்ளே நம்பாததை வெளியே நம்புவதாகக் காட்டி, மதீனா நகரத்து முதல் முஸ்லிம்களோடு கலந்திருந்தவர்களுக்கு வழங்கிய 'முனாஃபிக்' என்ற பெயர் இச்சொல்லின் வழி வந்ததே. பாலைமணலில் தாவித் திரியும் ஒருவகை எலி, தன் வளைக்கு எல்லாரும் அறிந்த வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு, வேறொரு பக்கத்தில் மேல்மண் மெல்லிய தகடாக எஞ்சும்வரை குடைந்து, வேட்டைக்காரன் வாயிலில் கை வைத்தவுடன் அத்தகட்டைத் தலையால் முட்டித் திறந்து ஓடிவிடும். அந்த மறைவழியின் பெயராகிய 'நாஃபிகா' என்பதிலிருந்தே இச்சொல் பிறந்தது என்றும், நயவஞ்சகம் என்ற பொருள் அதற்கு இஸ்லாத்திற்கு முன் இருந்ததில்லை என்றும், 13-ஆம் நூற்றாண்டில் 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ளூர் பதிவு செய்திருக்கிறார். பிறர் காண்பதற்காகவே செய்யும் பக்தியை 'ரியா' என்றும், எண்ணெய் என்று பொருள்படும் சொல்லினின்று வந்த 'முதாஹனா' என்பதால் சத்தியத்தை விட்டுக்கொடுத்துப் பேசும் வழுவழுப்பான இச்சகத்தையும் குறித்தார்கள். சத்தியத்தை விட்டுக்கொடாமல் குரலை மட்டும் தணித்துக்கொள்ளும் இங்கிதத்திற்கு 'முதாரா' என்று வேறு பெயர் வைத்தார்கள்.

ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிக நெருங்கி நிற்பது 'தத்லீஸ்' என்ற சொல்லாகும். இருளைக் குறிக்கும் வேரினின்று வந்த இது, முதலில் சந்தையின் சொல். சரக்கின் குறையை வாங்குபவன் கண்ணுக்கு மறைத்து விற்பதே தத்லீஸ். ஒட்டகத்தின் அல்லது ஆட்டின் மடியைச் சில நாள் கறவாமல் கட்டிவைத்து, பால் நிறைந்த மடியைக் காட்டி விற்பவன் எந்தப் பொய்யையும் சொல்லவில்லை. மடி உண்மையாகவே நிறைந்துதான் இருக்கிறது. சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட, மழையில் நனைந்தது என்று வியாபாரி சமாதானம் சொல்ல, அப்படியானால் நனைந்ததை எல்லாரும் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாகாதா என்று கேட்டு, வஞ்சிப்பவனைத் தம்மவர் கூட்டத்திலிருந்தே அவர் விலக்கிப் பேசியதாக ஹதீஸ், அதாவது நபிமொழிச் செய்தி, உண்டு. அந்த வியாபாரி கேட்கப்படும்வரை வாயையே திறக்கவில்லை. உலர்ந்த தானியம் மேலேயும் நனைந்தது கீழேயும் இருந்த வரிசைதான் பேசியது.

சந்தையில் பிறந்த இச்சொல்லைப் பின்னர் ஹதீஸ் சாஸ்திர அறிஞர்கள் தங்கள் மீதே பிரயோகித்துக்கொண்டார்கள் என்பது, அவர்களுடைய நேர்மைக்குச் சிறந்த அத்தாட்சி. ஒரு செய்தியை இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று சங்கிலியாகச் சொல்லிவரும்போது, 'எனக்கு அறிவித்தார்' என்பது நேரே கேட்டதற்கு அடையாளம். 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொன்னாலோ, நேரே கேட்டதாகவும் இருக்கலாம், நடுவில் ஒருவரை விழுங்கிவிட்டதாகவும் இருக்கலாம். இந்த இரட்டை அர்த்தத்தின் நிழலில் பலவீனமான ஆசிரியரை மறைப்பதும் தத்லீஸே ஆயிற்று. 799-இல் இறந்த ஹுஷைம் இப்னு பஷீர் இதில் பேர்போனவர். இன்று இவரிடம் தத்லீஸான எதையும் ஏற்பதில்லை என்று மாணவர்கள் ஒருநாள் தமக்குள் தீர்மானித்து வந்தமர்ந்தார்கள். அதை உணர்ந்துகொண்ட அவர், ஹுஸைனும் முகீராவும் இப்ராஹீமிடமிருந்து எனக்கு அறிவித்தார்கள் என்ற தோரணையிலேயே ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டு, இன்று ஏதேனும் மறைத்தேனா என்று கேட்டார். இல்லை என்றார்கள். முகீராவிடமிருந்து இவற்றில் ஓரெழுத்தும் தாம் கேட்டதில்லை என்றும், ஹுஸைனோடு வாக்கியம் தம் மனத்துக்குள் முடிந்துவிட்டது என்றும் அப்போது அவர் விளக்கினார். அவரே உடைத்துச் சொல்லியிராவிட்டால் அந்த மாணவர்கள் எதை எழுதிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்!

இவ்வளவு கண்டிப்புள்ள மரபே, 'மஆரீள்' என்னும் மறைபொருட் பேச்சுக்கு இடம் கொடுக்கிறது என்பது முதலில் முரண்பாடாகத் தோன்றும். மேலே ஹுஷைமின் சங்கிலியில் வந்த அதே இப்ராஹீம், கூஃபா நகரத்து இப்ராஹீம் நகஈ, பார்க்க விரும்பாத ஒருவர் வாசலுக்கு வந்தால், வீட்டில் இல்லை என்று சொல்லாதே, பள்ளிவாசலில் தேடிப் பாருங்கள் என்று சொல் எனப் பணிப்பெண்ணுக்குக் கற்பித்திருந்தார். அதே ஊரின் ஷஅபீ, தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் விரலை வைத்துக்கொண்டு 'இங்கே இல்லை' என்று சொல்லச் சொன்னாராம். இவற்றையெல்லாம் எடுத்துரைக்கும் இமாம் கஸ்ஸாலி, தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நாவின் கேடுகளைப் பற்றிய பகுதியில், நிர்ப்பந்தம் உள்ள இடத்தில்தான் இது தகும், அதில்லாத இடத்தில் சொல் பொய்யாகாவிடினும் பொய்யை உணர்த்துவதால் வெறுக்கத்தக்கதே என்று வரையறை செய்கிறார். வாசலில் நிற்பவருக்கு வீட்டுக்காரரின் நேரத்தின்மேல் உரிமை இல்லை. ஆடு வாங்குகிறவனுக்கு அதன் பாலைப் பற்றி அறிய உரிமை உண்டு. அறிவு தேடி வந்த மாணவனுக்கோ இருவரினும் மிகுதியான உரிமை உண்டு. ஆதலால் ஒரே விதமான பேச்சு ஓரிடத்தில் மன்னிக்கத்தக்க அடக்கமாகவும் மற்றோரிடத்தில் களவாகவும் ஆவதில் முரண்பாடு ஏதுமில்லை. ஆயினும் வட்டத்துக்குள் விரல் வைக்கும் அந்த உபாயத்தை மனம் ஏற்க மறுக்கிறது. தன் நாவைக் காக்கப் பணிப்பெண்ணின் நாவை இரவல் வாங்குவது எங்ஙனம் நியாயமாகும்?

கஸ்ஸாலி கூறும் இன்னொரு நிகழ்ச்சி இவற்றைவிட நுட்பமானது. தந்தையோடு கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸைக் கண்டுவிட்டு நல்ல ஆடையோடு வெளியே வந்த இளைஞனைப் பார்த்து, இது கலீஃபா அளித்த ஆடையோ என்று ஜனங்கள் கேட்க, அவன் ஆமென்றும் சொல்லாமல் அல்லவென்றும் சொல்லாமல் கலீஃபாவுக்கு நன்மை உண்டாகட்டும் என்று வாழ்த்தினான். பொய்யையும் பொய் போன்றதையும் அஞ்சு, மகனே, என்று தந்தை கண்டித்தார். பிழைப்புக்காக அல்ல, வெறும் பெருமைக்காக ஒரு தவறான எண்ணத்தை வாழ விட்டான் என்பதே அவன்மேல் குற்றம். இக்குற்றத்திலிருந்து முழுவதும் விலகியவர் எத்தனை பேர்!

1449-இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானி, ஹதீஸ் அறிவிப்பில் தத்லீஸ் செய்தவர்களை ஐந்து படிகளாக வகுத்தபோது, நம்பகமானவர்களின் பெயரை மட்டுமே விட்டவரான ஸுஃப்யான் இப்னு உயைனாவை இரண்டாம் படியில் வைத்துப் பொறுத்துக்கொண்டார்; 'நான் கேட்டேன்' என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே ஏற்கத்தக்கவர்களின் மூன்றாம் படியில் ஹுஷைமை வைத்தார். அறிஞர்களின் இந்தத் தராசு நியாயமானதே. விளைந்த தீங்கைக் கொண்டு அது நிறுக்கிறது. ஆயினும் விடுபட்டவர் எவ்வளவு உத்தமராயினும், அவரை நம்பலாமா என்று தீர்மானிக்கும் உரிமை கேட்பவனுடையது. அதைக் கேளாமலே ஸுஃப்யான் தம் கையில் எடுத்துக்கொண்டார்.