சுவருக்கு இந்தப் பக்கம்

லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுவதும், அடி விழுவதும், பிள்ளைகள் வீறிடுவதும் இந்தப் பக்கம் துல்லியமாகக் கேட்கும். உடனே டி.வி. சத்தம் கூடும். "புருஷன் பொண்டாட்டி சண்டை. இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்கு ஒண்ணாயிடுவாங்க. நடுவுல போனா நாமதான் பொல்லாதவங்க."

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறோம். அவளைப் பார்த்து இதைக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அலறியது நாலு வீட்டுக்குக் கேட்டதே!

மறுநாள் அரசு மருத்துவமனையில், மாமியார் பக்கத்தில் நிற்க, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருக்கின்றன. விபத்துப் பதிவேட்டில் 'கீழே விழுந்ததால் காயம்' என்று ஏறிவிடுகிறது. பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வாசிக்கப் போவது அந்த ஒரு வரியைத்தான்.

1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. இன்றும் அங்கே போகிறவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கவுன்சலிங். இனி அடிக்க மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, "பிள்ளைங்களுக்காக அனுசரிச்சுப் போம்மா" என்று அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் மனுவை முடிக்க முயற்சி என்கிறது. வாய்தாக்களில் வருஷங்கள் ஓடுகின்றன.

இதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் பாயாது. பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தை அறிந்து எழுதிய பிரிவு இது.

நீதிமன்றம் சாட்சி கேட்கிறது. கேட்ட காதுகள் தெருவெல்லாம் இருக்க, "நாங்க எதையும் கவனிக்கலைங்க" என்கிறார்கள். ஆதாரம் போதாமல் வழக்கு தோற்கிறது. அதைப் பார்த்த தெரு, "கோர்ட்டுக்குப் போய் என்ன கிடைச்சுது?" என்று அடுத்த அலறலுக்கும் காதைப் பொத்திக்கொள்கிறது. நீதி தவறியது என்று நாம் குமுறுகிற வழக்குகள் பலவற்றில், இல்லாமல் போன ஆதாரம் நாம் சொல்லாமல் விட்ட சாட்சிதான்.

2008இல் 'பெல் பஜாவோ' என்றொரு இயக்கம் குறும்படங்கள் எடுத்தது. அடிக்கிற சத்தம் கேட்டதும் ஒருவர் எழுந்துபோய் அந்த வீட்டு அழைப்புமணியை அடிக்கிறார். கொஞ்சம் பால் கிடைக்குமா என்கிறார். அவ்வளவுதான், ஓங்கிய கை நிற்கிறது. அதோடு விடாமல் மகளிர் உதவி எண் 181க்கும் போன் போட்டுச் சொல்லி, தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தால், "இதையெல்லாம் யார் பார்த்தது?" என்று வக்கீல் மடக்கும்போது சொல்ல அவளுக்கு ஒரு பெயர் இருக்கும்.