யாளி நிஜமாக இருந்ததா?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போயிருக்கிறீர்களா? 985 தூண்கள். அவற்றில், சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளிகளின் கம்பீரம்! சென்ற முறை நான் அங்கு போயிருந்தபோது, ஒரு சிறுவன் யாளியை அண்ணாந்து பார்த்தபடி, ‘‘பாட்டி, இது நெஜமாவே இருந்துச்சா?’’ என்று கேட்டான்.

‘‘இருந்துச்சுடா கண்ணு. பார்க்க நமக்குத்தான் குடுத்து வைக்கலை’’ என்றார் பாட்டி. நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு யாளி புதிதல்ல. யானையையே வேட்டையாடும் ‘ஆளி’ அகநானூற்றிலேயே வருகிறது. என்றாலும், யாளியின் எலும்பு என்று ஒன்று இதுவரை கிடைத்ததில்லை. சரி... அப்படியோர் உடம்பு இயற்கையில் உருவாகத்தான் முடியுமா?

சிற்பி நினைத்தால் சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையைப் பொருத்திவிடலாம். இயற்கைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. முன்னோரிடம் இருந்த உறுப்பைத்தான் அது தலைமுறை தலைமுறையாக, சிறிது சிறிதாக மாற்றும். யானையின் மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டதுதான் துதிக்கை. உயர்ந்த உடம்பு, கனத்த தலை, குட்டைக் கழுத்து... தரையில் உள்ளதை எடுக்க அதற்குத் துதிக்கை வேண்டும். பாய்ந்து கவ்வுகிற சிங்கத்துக்கோ வாய்க்கு முன்னே துதிக்கை தொங்கினால் இடைஞ்சல்தான்!

ஆனாலும், யாளியை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. மாமிச உண்ணி இனத்தைச் சேர்ந்த வால்ரஸுக்குத் தந்தம் உண்டு. டேபிர் என்ற விலங்குக்குக் குட்டித் துதிக்கையே உண்டு. யாளிக்கும் கால்கள் நான்குதானே!

கருடாழ்வார் விஷயம் வேறு. அவருக்குச் சிறகுகளும் உண்டு. கூப்பிய கரங்களும் உண்டு. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்களே சிறகுகளாக மாறின. சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்களின் இரண்டு ஜோடித் துடுப்புகள் கால்களாக மாறின. அன்று முதல், தரையில் வாழும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கு ‘நான்கு’ என்பதே கணக்கு. பாம்புக்குப்போல அது குறையலாம். ஆறாகக் கூடியதே இல்லை.

அப்படியானால், சிற்பி பொய் சொன்னாரா? நிச்சயமாக இல்லை! அவர் விலங்கியல் பாடம் நடத்தவில்லையே. சிங்கத்தின் சீற்றத்தையும் யானையின் வலிமையையும் ஒன்றாக்கி, இறைவனின் வாசலுக்குக் காவல் வைத்தார். அவர் காட்ட நினைத்தது சக்தியை!

நாம்தான் தடுமாறுகிறோம். ‘யாளி இருந்ததை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது’ என்று ஆதாரமில்லாமல் பேசினால் கோயிலுக்குப் பெருமை என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள்... நாளை அந்தச் சிறுவன் வளர்ந்து, பாடப் புத்தகத்தில் உண்மையைப் படிப்பான். அன்று யாளியோடு சேர்த்துப் பாட்டியின் வார்த்தையையும், அவர் கைபிடித்து அழைத்துப்போன கோயிலையும் சந்தேகிக்கத் தொடங்கினால்? நம் தெய்வங்களுக்குப் பொய்யால் முட்டுக்கொடுக்க வேண்டுமா என்ன?

உங்கள் வீட்டுக் குழந்தையும் ஒருநாள் இதே கேள்வியைக் கேட்கலாம். அப்போது தயங்காமல் சொல்லுங்கள்: ‘‘இது காட்டில் பிறந்ததில்லை கண்ணு. நம்ம சிற்பிகள் மனசுல பிறந்தது. சாமிக்குக் காவலா நிக்குது. வா, கும்பிட்டுட்டுப் போகலாம்!’’